இருநூற்றுப் பதினேழாவது வளையல்

காலை எட்டேகாலுக்கு ஓர் அரசாங்க ஜீப் கரிசலூரணி துணைச் சுகாதார நிலையத்தின் வாசலில் வந்து நின்றால், அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, மேலிடத்தில் யாரோ நர்ஸ் செண்பகவடிவைப் பாராட்ட நினைத்திருக்கிறார்கள். இரண்டு, பாராட்ட நினைக்கவில்லை.

பத்து வருட சர்வீஸில் முதல் காரணத்துக்காக அந்த வாசலுக்கு ஒரு சைக்கிள்கூட வந்ததில்லை.

சத்தமில்லாத மின்சார ஜீப். அதிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த கிராப்பு, கசங்கிய பருத்திச் சேலை, அதற்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ. டாக்டர் அன்டனீட்டா மோத்தா. தூத்துக்குடி வைரஸ் ஆய்வகத்தின் தலைவி. செம்புள்ளிக் காய்ச்சல் மறுபடி தலைகாட்டிய இந்த இரண்டு மாதங்களில் தினமும் செய்தியில் தெரிகிற முகம்.

"நீங்கதான இந்த ஊர் நர்ஸ்?"

"ஆமா மேடம். செண்பகவடிவு. உக்காருங்க, டீ..."

"இருநூத்திப் பதினேழு எங்க?"

செண்பகத்தின் கையிலிருந்த டம்ளர் மேஜைக்குப் போகும் வழியில் ஒரு கணம் நின்றுவிட்டது.

இருபது நாட்களுக்கு முன்பு பள்ளிக்கூட மைதானத்தில் அரசாங்கம் நடத்திய சமுதாய வளைகாப்பு. பந்தல், மைக் செட், ஐந்து வகைச் சாதம். பட்டியலில் நாற்பது கர்ப்பிணிகள். கண்ணாடி வளையலோடு ஆளுக்கொரு வெள்ளை வளையல். அதன் உட்புறம், கொசுவின் வாயைவிட மெல்லிய ஊசி. மணிக்கொரு தடவை உடம்பின் எதிர்ப்புப் பொருளைப் படித்து எண்ணாக்கி வைத்துக்கொள்ளும். செண்பகத்தின் டேப்லெட் முப்பது அடிக்குள் வந்தால் அதில் இறக்கிவைக்கும். அங்கிருந்து தூத்துக்குடி. வளையலுக்கு எண் உண்டு, பெயர் கிடையாது. அது சட்டம். பெயர் இருப்பது இரண்டே இடத்தில்: செண்பகத்தின் காகித ரெஜிஸ்டர், மாவட்ட அலுவலகத்தில் பூட்டிவைத்த அதன் நகல்.

டாக்டர் அந்த ரெஜிஸ்டரைத் தானே எடுத்துப் பிரித்தாள். விரல் ஒரு வரியில் நின்றது.

"இருநூத்திப் பதினேழு, வளர்மதி, ஆறாம் மாதம், அணிவிக்கப்பட்டதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நேத்து ராத்திரி நகலைத் திறந்து பாத்து வளர்மதியைத் தேடிப் பிடிச்சோம். ரெண்டு மாசமா சாத்தூர்ல அம்மா வீட்ல இருக்காங்க. உங்க வளைகாப்புப் பக்கமே வரலையாம். ஆனா அந்த வளையல் யார் கையிலயோ உக்காந்து வாராவாரம் எனக்கு எண் அனுப்பிக்கிட்டிருக்கு. எனக்குப் பேய் பிசாசுல நம்பிக்கை கிடையாதும்மா."

பொய் சொல்ல அவகாசம் இருந்தது. சொல்லத் தோன்றவில்லை.

"ஒன்பது பேர் வரலை மேடம். வளையல் மிச்சம் கெடந்துச்சு. வளைகாப்புக்கு வந்த எந்தப் பொம்பளையும் வெறுங்கையோட போகக்கூடாதுன்னு எங்க ஊர்ல வழக்கம். கண்ணாடி வளையல் தீந்துபோச்சு. எட்டுப் பேர் கைய நீட்டிக்கிட்டு நிக்காங்க. இல்லேன்னு சொல்ல வாய் வரல. எடுத்துப் போட்டுட்டேன். கணக்குக் காட்டணுமேன்னு வராதவுக பேர எழுதிட்டேன்."

"அரசாங்கத்தோட ஆராய்ச்சிக் கருவியை... வெத்தல பாக்கு மாதிரி கொடுத்திருக்கீங்க."

"ஆமா மேடம்."

"எட்டுப் பேர்னீங்க. ஒன்பதாவது?"

"அதான் இருநூத்திப் பதினேழு. குங்குமத் தட்டுல வச்சிருந்தேன். திரும்பிப் பாக்கேன், காணோம். தொலைஞ்சதுன்னு எழுதினா விசாரணை வரும். அதான் வளர்மதி பேர்ல..."

டாக்டர் திட்டுவாள் என்று செண்பகம் எதிர்பார்த்தாள். டாக்டரோ ரெஜிஸ்டரை மூடிவிட்டுச் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பில்லை, இரண்டு மாதமாகத் தூங்காதவளின் சிரிப்பு.

"நாற்பது மாவட்டத்துல, மூவாயிரம் கர்ப்பிணிகள்ல தேடினோம். நாங்க தேடினது ஒரே ஒரு கையில கிடைச்சுது. அந்தக் கை யாரோடதுன்னு தெரியாதுங்கறீங்க!"

"அப்படி என்ன மேடம் அதுல?"

டாக்டர் மேஜை மேலிருந்த இடுக்கியை எடுத்து, இரண்டு நுனிகளும் மேலே பார்க்க நிறுத்திப் பிடித்தாள்.

"எதிர்ப்புப் பொருள் இந்த மாதிரி இருக்கும். மேல ரெண்டு கை, அது வைரஸைப் புடிக்கும். கீழ காம்பு. காம்புல ஒரு சின்னச் சர்க்கரைக் கொத்து. நம்ம உடம்புல இருக்கற காவல் செல்லுங்க கையைப் பாக்காது, காம்பைத்தான் பாக்கும். அந்தச் சர்க்கரையைப் பாத்துத்தான் எவ்வளவு ஆவேசமா பாயணும்னு முடிவு பண்ணும். கொத்துல ஃப்யூகோஸ்னு ஒரு சர்க்கரை குறைஞ்சா வெறி புடிச்ச மாதிரி பாயும். சில நோய்க்கு அது நல்லது. செம்புள்ளிக்கு அதுதான் எமன். நோயைவிட நம்ம ஆவேசமே ரத்தக் குழாயைப் பொத்தலாக்கிடும்."

"பச்சப்புள்ளைகளுக்கு ஏன் மேடம் கூடுதலா வருது?"

"அம்மாகிட்டேருந்து போகுதே! முதல் அலையில காய்ச்சல் வந்து பொழைச்சவங்க உடம்புல எதிர்ப்புப் பொருள் இருக்கு. அது தொப்புள்கொடி வழியா பிள்ளைக்குப் போகுது. பாதிப் பேருக்கு அந்தச் சர்க்கரை குறைவு. காப்பாத்தட்டும்னு அம்மா கொடுத்ததே பிள்ளையை எரிக்குது." டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தாள். "இருநூத்திப் பதினேழோட காம்புல ஃப்யூகோஸ் முழுசா இருக்கு. நுனியில இன்னொரு சர்க்கரை, 'அடங்கு'ன்னு சொல்ற சர்க்கரை, அதுவும் இருக்கு. வைரஸைப் புடிக்கும், உடம்பைக் கொளுத்தாது. ஒரு குழாய் ரத்தம் கிடைச்சா அதைச் செய்யற செல்லைப் பிரிச்சு மூணே நாள்ல பெருக்கிடுவேன். வார்டுல இப்ப இருபத்து மூணு குழந்தைங்க கிடக்குது."

இருபத்து மூன்றில் ஒன்று பேச்சித்தாயின் மகன். போன மாதம் ஷேர் ஆட்டோவில், விளாத்திகுளம் திருப்பத்தில், செண்பகத்தின் கையில் வந்து விழுந்தவன். தொப்புள்கொடியை அறுத்தவள் அவள்தான். அந்தக் கொடி வழியாக என்ன போயிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

"வளையலோட பேட்டரி எத்தனை நாளைக்கு மேடம்?"

"இருபத்தொரு நாள். இன்னிக்கு இருபது."

செண்பகம் டேப்லெட்டை எடுத்தாள். இருநூற்றுப் பதினேழு கடைசியாக எண் இறக்கியது வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது. வியாழக்கிழமை பத்து நாற்பதுக்கு அவள் எங்கே இருந்தாள்? இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கப் போயிருந்தாள். அதற்கு முந்தின தடவை? முந்தின வியாழக்கிழமை. அதே நேரம்.

"மேடம், ஷூ போட்டிருக்கீக. நல்லதாப் போச்சு. கண்மாய்க்குப் போகணும்."

*

நூறு நாள் வேலைக்கு அரசாங்கம் மூன்று தடவை பெயர் மாற்றிவிட்டது. ஜனங்கள் ஒரு தடவைகூட மாற்றவில்லை. கண்மாயின் வறண்ட வயிற்றில் அறுபத்திரண்டு பெண்கள் வயலுக்கு உரமாகும் கரம்பை மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோருமே சேலைக்கு மேல் வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டை. வெயிலுக்கும் முள்ளுக்கும் அதுதான் கவசம்.

கரையிறங்கி இருபது அடி போவதற்குள் டேப்லெட் மெல்ல அதிர்ந்தது. 217-ஐ மட்டும் தேடும்படி வைத்திருந்ததால் திரையில் ஒரே வரி: *217 அருகில்.*

"இங்கதான் இருக்காங்க," என்றாள் டாக்டர். "எல்லாரையும் கையைத் தூக்கச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"கொஞ்சம் பொறுங்க மேடம்."

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. சட்டப்படி ரத்தம் அவங்களா மனசு வந்து கொடுக்கணும். ஒரு தடவை மாட்டேன்னு சொல்லிட்டா, அப்புறம் நானில்ல, அந்த ஆண்டவனே வந்தாலும் ரெண்டாவது தடவை கேக்க முடியாது."

பத்தரைக்குத் தண்ணீர் இடைவேளை. கருவேல நிழலில் பெண்கள் கூடினார்கள். தூக்குச்சட்டிகள் திறந்தன. நர்ஸையும், சேலைக்குக் கீழே ஷூ போட்ட புது ஆளையும் பார்த்ததும் வாய்கள் சும்மா இருக்குமா?

"என்ன நர்ஸக்கா, சனிக்கெழமையே மாத்திரையா? சாப்பாட்டுக்குப் பதிலா மாத்திரைதான் திங்கணும் போலுக்கு!"

"கூட வந்திருக்கது யாரு, ஓட்டப்பந்தய டீச்சரா?"

"ஏட்டி சும்மா இரு, டிவில வாரவுகட்டீ அவுக!"

செண்பகம் சிரித்தபடியே கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வேர்வைக்கு எல்லோரும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் விடவில்லை. காக்கிச் சட்டை. மணிக்கட்டில் பொத்தான் போட்டு இறுக்கியிருந்தது. கூழ் குடிக்கிற கையைக்கூட மடியை விட்டு அதிகம் தூக்காமல், குனிந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

குருவம்மா.

அந்தக் காக்கி, மினிபஸ் ஓட்டிய அவள் புருஷனுடையது. பன்னிரண்டு வருடம் முன்பு, செம்புள்ளியின் முதல் அலையில் அவன் போய்ச் சேர்ந்தான். ஊர் கூடி, குருவம்மாவின் வளையல்களைக் கல்லில் வைத்து உடைத்தது. இருபது நாள் முன்பு வளைகாப்புப் பந்தலில் அவள் சாப்பாட்டுப் பக்கம் இலை எடுத்துக்கொண்டிருந்தாள். குங்குமத் தட்டுப் பக்கம் வரக்கூடாதவள். வந்திருக்கிறாள்.

கையைத் தூக்கச் சொன்னால் என்ன ஆகும்? அறுபத்தோரு கைகள் தூக்கும். ஒரு கை தூக்காது. அப்புறம் அறுபத்தோரு வாய்கள் திறக்கும். குருவம்மா அந்த வளையலைக் கழற்றிக் கரம்பைக்குள் வீசிவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று மண்வெட்டியை எடுத்துவிடுவாள். இருபத்து மூன்று குழந்தைகளும் அந்த மண்ணோடு போகும்.

தனியாகக் கூப்பிடலாமா? நர்ஸும் ஜீப்பும் வந்து ஒருத்தியை மட்டும் கூப்பிட்டால் அதற்குப் பெயர் தனியா?

செண்பகம் மண்மேட்டில் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. நான் ஒரு திருட்டுத்தனம் பண்ணிட்டேன்."

தூக்குச்சட்டிகள் நின்றன.

"அன்னிக்கு வளைகாப்புல வெள்ள வளையல் போட்டேன்ல? அது மாசமா இருக்கவுகளுக்கு மட்டும். மிச்சம் இருந்த ஒன்பதுல எட்ட சட்டத்த மீறி நானா மத்தவுகளுக்குப் போட்டுவிட்டேன். வராதவுக பேர எழுதிப் பொய்க் கையெழுத்துப் போட்டேன். எட்டுப் பேர் இங்கதான் இருக்கீக. உங்க மேல ஒரு குத்தமும் கெடையாது. குத்தம் பூரா என்னோடது. வேலை போனாலும் போகும். நேத்து வரைக்கும் அதுக்குப் பயந்தேன், இன்னிக்கு இல்ல."

"அய்ய, ஒரு வளையலுக்கா வேலைய எடுப்பாக?" என்றாள் ஒருத்தி. "எங்கிட்ட இருக்கத வாங்கிக்கோங்க!"

"ஒன்பதாவது வளையல் ஒண்ணு இருக்கு. அது யாரு கையில இருந்தாலும் சரி. எடுத்துக்கிட்டாகன்னு நான் சொல்ல மாட்டேன். நான் கொடுத்திருக்கணும். குடுக்காம விட்டது என் தப்பு. அந்த ஒடம்புல ஓடுத ரத்தத்துக்கு இந்த நாட்டுலயே சோடி கெடையாதாம். பேச்சித்தாய் மகனோட சேத்து இருபத்து மூணு பிள்ளைக அதுக்காகக் காத்துக் கெடக்கு. மனசு இருந்தா, எப்ப வேணாலும், எந்த வழியா வேணாலும் என் வீட்டுக்கு வாங்க. பின்வாசல் தொறந்திருக்கும்."

கருவேல மரத்தில் ஒரு கரிச்சான் கத்தியது.

குருவம்மா தூக்குச்சட்டியை மூடினாள். மூடியை அழுத்திப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"பின்வாசல் என்னத்துக்கு நர்ஸக்கா?"

காக்கிச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினாள். ஒரு மடிப்பு. இரண்டு மடிப்பு. மூன்றாவது மடிப்பில் வெள்ளையாக அது தெரிந்தது. கையை வெயிலுக்குத் தூக்கிக் காட்டினாள்.

கிழவி ஆவுடைத்தாய்க்குத்தான் முதலில் வாய் வந்தது. குருவம்மா புருஷனின் பெரியம்மா.

"ஏட்டி! தாலியறுத்த அறுதலி கையில வளையலா?"

"ஆமா அத்த. வளையல்தான்." குருவம்மாவின் குரல் உயரவில்லை. "அன்னிக்கு என் கையப் புடிச்சுக் கல்லுல வச்சு ஒடச்சது நீங்கதான். பன்னெண்டும் சில்லுச் சில்லாப் போச்சு. சரின்னு இருந்தேன். வளைகாப்பு அன்னிக்கு எல எடுத்துக்கிட்டிருக்கேன், நர்ஸக்கா மைக்ல சொல்லுதாக, இது கண்ணாடி இல்ல, கல்லுல அடிச்சாலும் ஒடையாதுன்னு. நாலு தடவ சொன்னாக. ஒடையாத வளையல்னா அது யாருக்கு வேணும்? மாசமா இருக்கவளுக்கா, எனக்கா?"

ஆவுடைத்தாய் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"திருடுனதுன்னா திருடுனதுதான். இருபது நாளாச் சட்டைக்குள்ள வச்சிருந்தேன். இனிமே வெயில்ல போட்டுக்கிடுதேன்."

டாக்டர் அன்டனீட்டா மோத்தா ஷூ புதைய மண்ணில் நடந்து அவளிடம் வந்தாள். செய்தியில் வரும் குரல் இல்லை இப்போது.

"அம்மா, உங்களுக்குச் செம்புள்ளி எப்ப வந்துச்சு?"

"அவுகளுக்கு வந்தப்பதான். ஒரே வாரம். ஒரே பாயி. அவுக போயிட்டாக. நான் கெடந்து பொழச்சேன். 'வந்த காய்ச்சல் இவளக் கொண்டுபோயிருக்கக் கூடாதா'ன்னு இந்தக் கரையில வச்சுத்தான் பேசுனாக."

"அப்ப நீங்க..."

"வயித்துல எட்டு மாசம்."

டாக்டர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூவாயிரம் பேரைத் தேடினோம்," என்றாள் செண்பகத்தைப் பார்த்து. "இப்ப மாசமா இருக்கறவங்களையே தேடினோம். பிள்ளை வயித்துல இருக்கும்போது அம்மா உடம்பு புதுசா செய்யற எதிர்ப்புப் பொருள்ல அந்தச் சர்க்கரைக் கொத்தை மாத்தி வச்சுக்கும். எதிரியை அடிக்கணும், ஆனா பிள்ளை மேல ஒரு பொறி படக்கூடாது, அந்தப் பக்குவத்துக்கு. பிரசவம் ஆனா அது பழையபடி ஆயிடும்னு நினைச்சோம். இவங்களுக்கு ஆகல. காய்ச்சலும் கர்ப்பமும் ஒரே நேரத்துல வந்து, அதைப் படிச்ச செல்லுங்க பன்னெண்டு வருஷமா அந்தப் பக்குவத்தை மறக்கல."

"டாக்டரம்மா," குருவம்மா குறுக்கிட்டாள், "சர்க்கர சர்க்கரங்கீகளே, எனக்கென்ன சுகரா?"

சுற்றி நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது.

"உங்களுக்கு ஒரு வியாதியும் இல்லம்மா. உங்ககிட்ட இருக்கறது மருந்து. அந்தக் காய்ச்சலை உங்க உடம்பு மாதிரி இந்த நாட்டுல எந்த உடம்பும் ஜெயிக்கல. பிள்ளை நல்லா இருக்கா?"

"ஏழாங்கிளாஸ். மாவட்டத்துல நானூறு மீட்டர்ல மொதோ பரிசு." அதைச் சொல்லும்போது மட்டும் குருவம்மாவின் குரல் உயர்ந்தது. "கொடுக்கேன். எத்தன குழா வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. பேச்சித்தாய் மகன் நான் தூக்கிப் பாத்த பிள்ள. ஆனா ஒண்ணு. ரத்தத்தத்தான் தருவேன். வளையலத் தர மாட்டேன்."

"அது அரசாங்கச் சொத்தும்மா."

"அரசாங்கத்துக்கு எத்தன கை?"

டாக்டர் குனிந்து பையைத் திறந்தாள்.

கருவேல நிழலில், கவிழ்த்துப் போட்ட, மண் அள்ளும் இரும்புச் சட்டியில் உட்கார்ந்து குருவம்மா கையை நீட்டினாள். செண்பகம்தான் ஊசி போட்டாள். அறுபத்தோரு பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். நிழல் நகர்ந்து குருவம்மாவின் முகத்தில் வெயில் விழுந்தபோது யாரோ தலைத்துண்டை விரித்துப் பிடித்தார்கள். செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள். ஆவுடைத்தாய். கிழவி யார் முகத்தையும் பார்க்கவில்லை. கண்மாயைப் பார்த்துக்கொண்டு, கை வலிக்க வலிக்கத் துண்டைப் பிடித்தபடி நின்றாள்.

*

இருபத்து மூன்றில் இருபத்தொரு குழந்தைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள். இரண்டுக்கு அந்த மூன்று நாள் தாங்கவில்லை. அந்த இரண்டைப் பற்றி டாக்டர் தொலைபேசியில்தான் சொன்னாள். மூன்று நாள் முன்னால் உண்மையைச் சொல்லியிருந்தால் என்று செண்பகம் நினைத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பேச்சித்தாயின் மகன் இப்போது நாலரைக் கிலோ.

அடுத்த மாதம் ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள் வந்தன.

முதலாவது செண்பகவடிவுக்குத் தண்டனை. ஒன்பது பொய்ப் பதிவுகள். ஒரு வருடம் பதவி உயர்வு கிடையாது, கடுமையாக எச்சரிக்கப்படுகிறார். அதை அவள் தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில், வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைத்தாள்.

இரண்டாவது சுற்றறிக்கை. இனி எல்லாச் சமுதாய வளைகாப்புகளிலும் நாற்பது வளையலுக்குப் பத்து வளையல் கூடுதலாக வழங்கப்படும். கர்ப்பிணி அல்லாத, விருப்பமுள்ள எந்தப் பெண்ணுக்கும் அணிவிக்கலாம். திருமண நிலை கேட்கப்படக் கூடாது. கீழே டாக்டரின் பச்சை மைக் கையெழுத்து. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: *'217 திரும்பி வரவில்லை. ரெஜிஸ்டரை முடித்து அனுப்பவும்.'*

ரெஜிஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு செண்பகம் கண்மாய்க்குப் போனாள். தூரத்திலிருந்தே தெரிந்தது. காக்கிச் சட்டை, முழங்கைக்கு மேல் சுருட்டிய கை, மண்வெட்டி ஏறி இறங்கும்போதெல்லாம் வெயிலில் மின்னுகிற வெள்ளை. பேட்டரி தீர்ந்து மாதம் ஒன்றாகிவிட்டது. டேப்லெட் அதிரவில்லை. ஆளைக் கண்டுபிடிக்க இப்போது டேப்லெட் தேவைப்படவும் இல்லை.

"என்ன நர்ஸக்கா, வளையலுக்கா?"

"இல்ல. நாளைக்கழிச்சு வளைகாப்பு. மொதோ வளையல் போட ஆள் வேணும். நீ வரணும்."

குருவம்மா மண்வெட்டியை ஊன்றினாள். கரையில் நின்றிருந்த ஆவுடைத்தாயை ஓரக்கண்ணால் பார்த்தாள். கிழவி இருமிவிட்டு, "சேலையத் தொவச்சுக் கட்டிட்டுப் போ" என்றாள்.

செண்பகம் மண்மேட்டில் உட்கார்ந்து ரெஜிஸ்டரைப் பிரித்தாள். வளர்மதியின் பெயரை அடித்தாள். *கர்ப்பிணியின் பெயர்* என்ற கட்டத்தில் குருவம்மா என்று எழுதினாள். பன்னிரண்டு வருடம் தாமதமான பதிவு, அவ்வளவுதான். கடைசிக் கட்டம் பாக்கி. *கருவியின் நிலை.*

பேட்டரி போன கருவி. ஊசி மழுங்கிய கருவி. இனி ஒரு எண்ணும் அனுப்பாத கருவி.

முந்தைய ஒன்பது பொய்களையும் அவள் அவசரக் கிறுக்கலாக எழுதியிருந்தாள். பத்தாவதுக்கு அவசரமில்லை. குண்டு குண்டான எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்:

*நல்ல நிலையில், பயன்பாட்டில் உள்ளது.*